நரிச் சீரத்தில் மரபு வேறுபாட்டைக் கண்டறியும் முறை

மலேசியக் காடுகளில் நரி கிடையாது. இங்கு நாம் 'முசாங்' என்று சொல்வது மரநாயைத்தான். ஆகவே பினாங்கில் இருந்துகொண்டு செந்நரியின் இரத்தப் புரதங்களை ஆராய விரும்புவோர், வெளிநாட்டு மாதிரிகள் வந்து சேரும்வரை, உரிமையாளரின் சம்மதத்துடன் கால்நடை மருத்துவர் தரும் நாய்ச் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கை பழகிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே குடும்பத்து விலங்குகள்.

தொடங்குவதற்கு ஏற்றது, இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம். அது ஒற்றைச் சங்கிலியால் ஆனதால், சீரத்தை ஜெல்லில் இட்டு மின்சாரத்தால் ஓடவிடும்போது, ஒரே வகை அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) கொண்ட விலங்கில் ஒரு முதன்மைக் கோடும், இரு வகையும் கொண்டதில் இரண்டும் தெரியும். மரபியலாளர் ஆலிவர் ஸ்மிதீஸ் 1955இல் மாவுச்சத்து ஜெல்லில் செய்து காட்டிய சீரப் புரதப் பிரிப்பை இன்று பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் செய்கிறோம். ஆனால் பழக்கதோஷத்தில் எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரப் பொருளைக் கலந்துவிடக் கூடாது. அது எல்லாப் புரதங்களுக்கும் எதிர்மின்னூட்டத்தைப் போர்த்தி, நாம் தேடும் மின்னூட்ட வேறுபாட்டையே மறைத்துவிடும்.

சீரத்தின் நிறத்தை முதலில் பாருங்கள். வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. சிராப் தண்ணீரின் இளஞ்சிவப்புச் சாயல் சற்றே தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் சிவப்பணுக்கள் உடைந்து கசிந்த ஹீமோகுளோபின், தானும் ஒரு கோடாக நிற்பதோடு ஹாப்டோகுளோபின் என்ற சீரப் புரதத்துடன் பிணைந்து வேறு கோடுகளையும் உண்டாக்கும். உறையவைத்த சீரத்தை மீண்டும் மீண்டும் உருக்காமல், சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ஜெல் பெட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி அடுக்குவது அவசியம். ஒரு மதியம் நான் அதைச் சோம்பலால் விட்டதில், நடுத்தடங்கள் சூடேறி முந்தி ஓட, கோடுகள் பிறைபோல் வளைந்து அன்றைய உழைப்பு வீணாயிற்று.

கூமாசி நீலத்தில் சாயமேற்றியபின், பெரும்பாலான புரதங்களுக்கு முன்னால் ஓடி நிற்கும் தடித்த ஆல்புமினை அடையாளமாகக் கொண்டு, அதற்குப் பின்தங்கியுள்ள டிரான்ஸ்ஃபெரினைத் தேடுங்கள். இங்கேதான் அவசரம் ஆகாது. புரதத்தில் ஒட்டியிருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறினாலும் கோடு இடம் மாறும்; ஆகவே சந்தேகமான மாதிரியை, அவற்றை நீக்கும் நியூராமினிடேஸ் நொதியால் பதப்படுத்தி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் இரு கோடுகள் நின்றால் மரபு வேறுபாடு என்று கருதலாம். தாய், தந்தை, குட்டிகளின் சீரத்தை அருகருகே ஓட்டி, குட்டியின் ஒவ்வொரு கோடும் பெற்றோரில் ஒருவரிடம் இருப்பதைக் காண்பதே உறுதியான சான்று.

பிறகு கணக்கு. எடுத்துக்காட்டாக, 40 நரிகளில் வேகமான கோடு மட்டும் 18, இரண்டும் 16, மெதுவானது மட்டும் 6 என்றால், வேக அல்லீலின் விகிதம் (36+16)/80, அதாவது 0.65. தற்செயலாக இணையும் கூட்டத்துக்கான ஹார்டி-வெயின்பெர்க் விதிப்படி இரண்டும் கொண்டவை 2 × 0.65 × 0.35 × 40, அதாவது 18.2 இருக்க வேண்டும். 16 என்பது அதற்கு நெருக்கமே. ஆனால் பண்ணை நரிகளானால், ஓர் ஈற்றுக் குட்டிகளில் ஒன்றை மட்டுமே இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.