நல்லெண்ணெய் விலை பார்க்க வந்தவரை ஏன் விரட்டுகிறீர்கள்?

காங்கேயம் பக்கம் மரச்செக்கு போட்டிருக்கும் நண்பர் ஒருவர் போன ஆடியில் கூப்பிட்டார். வெப்சைட் போட்டுப் பத்து மாதம் ஆகிறது, ஆட்கள் வருவது கூகுள் கணக்கில் தெரிகிறது, ஆனால் வந்த வேகத்திலேயே போய்விடுகிறார்கள், ஆர்டரெல்லாம் பழையபடி வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்கள் போடுவதுதான், என்ன கோளாறு என்று கொஞ்சம் பார் என்றார். போனில் திறந்தேன். முதலில் வெறும் வெள்ளைத் திரை. அப்புறம் திரை முழுக்க ஒரு செக்கு மாடு. மாட்டின் மேல் ‘தங்களை அன்புடன் வரவேற்கிறோம்’. தள்ளினால் ‘எங்கள் நோக்கம்’, இன்னும் தள்ளினால் ‘எங்கள் தொலைநோக்கு’. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் என்ன விலை என்று கண்டுபிடிக்க ஏழு தடவை திரையைத் தள்ளினேன். அதுவும் ஒரு தீபாவளி போஸ்டருக்குள், எறும்பு சைஸ் எழுத்தில்.

அவர் செய்திருந்த தவறுகளில் முக்கால்வாசி நான் பார்க்கும் பெரும்பாலான கடைத் தளங்களில் இருப்பவைதான். நானே ஆரம்பத்தில் செய்துகொடுத்த தளங்களிலும் இருந்தன, அதனால் அவரைக் கிண்டல் செய்கிற தகுதி எனக்கு இல்லை.

வாசலில் நிறுத்திப் பன்னீர் தெளிப்பது

முதல் தவறு இந்த வரவேற்புதான். கல்யாண மண்டபத்தில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கலாம், வந்தவருக்கு அங்கே அவசரம் இல்லை. ‘செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர் விலை’ என்று தேடிவிட்டு வருகிறவர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையின் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருக்கிறார். அவர் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. முதல் திரையில் அதற்குப் பதில் இருக்கும் ஜாடை தெரியாவிட்டால் பின்னால் போய் அடுத்த கடையைத் தொட்டுவிடுவார். இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1997-லேயே, வெப்சைட்களை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்து, புதுப் பக்கம் எதைத் திறந்தாலும் 79 சதவீதம் பேர் கண்ணால் மேய்ந்துவிட்டுத்தான் போகிறார்கள், வார்த்தை வார்த்தையாகப் படிப்பது 16 சதவீதம் பேர்தான் என்று எழுதினார். அது மேஜைக் கம்ப்யூட்டர் காலம். இப்போது கையில் இருப்பது உள்ளங்கை அகலத் திரை.

ஆகவே முதல் திரையில் நாலே விஷயம் போதும்: என்ன விற்கிறீர்கள், என்ன விலை, எந்த ஊர்வரை அனுப்புவீர்கள், எதைத் தொட்டால் ஆர்டர் போகும். ‘நோக்கம்’, ‘தொலைநோக்கு’ இரண்டும் பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கையிலிருந்து இறங்கி வந்து, ரெடிமேட் டிசைன்கள் வழியாக நம் செக்கடிவரை வந்துவிட்ட சமாச்சாரம். எடுத்துவிடுங்கள், யாரும் தேடமாட்டார்கள்.

இன்னொன்று, எல்லோரும் முகப்பு வழியாகத்தான் நுழைவார்கள் என்று நினைத்துக்கொண்டு அதை மட்டும் அலங்கரிப்பது. கூகுளில் தேடி வருகிறவர் பெரும்பாலும் நேராக உள்பக்கம் ஒன்றில்தான் குதிக்கிறார். அந்தப் பக்கத்தில் கடை எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதே இல்லையென்றால் சுவரேறிக் குதித்தவர் மாதிரி விழித்துவிட்டுப் போய்விடுவார். போன் நம்பரைத் தொட்டதும் அழைப்பு போகிற மாதிரி எல்லாப் பக்கத்திலும் வையுங்கள். நண்பர் தளத்தில் நம்பரும் படத்துக்குள்தான் இருந்தது, மனப்பாடம் செய்துதான் அடிக்க வேண்டும்.

பெயரடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரமான, தூய்மையான, பாரம்பரியம் மிக்க, கலப்படமற்ற. இதையேதான் கலப்படக்காரரும் எழுதுகிறார், அப்புறம் படிக்கிறவர் எதை வைத்து நம்புவார்? ‘ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் போகிறது, ஆட்டும்போது கருப்பட்டி சேர்க்கிறோம், செக்கு வாகை மரம்’ என்று எழுதினால் அதில் ஒரு பெயரடையும் கிடையாது, ஆனால் படிக்கிறவர் மனதுக்குள் எள் விலையைப் பெருக்கிப் பார்த்து, அடிமாட்டு விலைக்கு விற்கும் எண்ணெயில் என்ன இருக்கும் என்று தானே யோசிப்பார். உணவுப் பொருள் விற்பவர்களுக்கு 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கும். பாட்டில் லேபிளில் போடுகிறார்கள், தளத்தில் போட மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் போஸ்டர் ஆக்குவது

தமிழ்த் தளங்களுக்கே உரிய வியாதி இது, இதன் வேர் எங்கே என்று தெரிந்தால் கோபம் வராது. நம் ஊர் அச்சகங்களும் டிசைனர்களும் பல வருடம் பாமினி மாதிரி எழுத்துருக்களில் அடித்துப் பழகியவர்கள். அவற்றில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறி. அதை அப்படியே எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால் புரியாத ஆங்கிலக் குப்பையாக வரும். 1999-இல் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்று பொதுக் குறியீடுகளை அறிவித்தது, 2010-இல் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு வந்தது, இன்று போனில் நாம் அடிப்பதெல்லாம் யூனிகோடுதான். ஆனால் கை பழகியது பழகியதுதான். ஒட்டினால் உடைகிறதே என்று மொத்தத்தையும் படமாக்கி ஏற்றிவிடுவார்கள்.

படத்துக்குள் இருக்கும் ‘நல்லெண்ணெய்’ என்ற சொல்லை வைத்து கூகுள் உங்கள் பக்கத்தைத் தேடலில் காட்டும் என்று நம்பி உட்கார முடியாது. கண் தெரியாதவர் போனில் வாசித்துக் காட்டும் செயலிக்கு அது வெறும் ‘படம்’. சின்னத் திரையில் எழுத்தும் சேர்ந்து சுருங்கும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: விலை மாறினால் டிசைனரைக் கூப்பிட வேண்டும். அவர் ‘நாளைக்கு அனுப்புறேண்ணா’ என்பார். நாளை என்பது மாதமாகும். அதனால்தான் ஆடி மாதத்தில் தீபாவளி ஆஃபர் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய விலையைப் பார்த்து ஆர்டர் போட்டவரிடம் ‘இப்ப கூடிடுச்சுங்க’ என்று சொன்னால், அந்த ஆள் திரும்ப வருவாரா? விலை, முகவரி, நேரம், போன் நம்பர் எல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும். எண்ணெயும் எள்ளும் செக்கும் படமாக இருக்கட்டும்.

ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை

டிசைனர் ஆங்கில எழுத்தைப் போட்டு அழகு பார்த்து முடித்த பிறகுதான் தமிழை உள்ளே கொட்டுவார்கள். ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்தில் அடங்கிய பொத்தானில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ பிதுங்கி வெளியே நிற்கும். நம் சொற்கள் நீளம், விகுதியும் வேற்றுமையும் சேரச் சேர இன்னும் நீளும். மேலே புள்ளி, கீழே சுழி என்று எழுத்து உயரத்துக்கும் இடம் கேட்கும். வரிக்கு வரி இடைவெளி எழுத்து அளவைப்போல 1.6, 1.7 மடங்காவது இல்லையென்றால் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கி’யோடு சண்டை போடும். செய்தித்தாள் மாதிரி இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் போன் திரையில் ஒரு வரிக்கு இரண்டே சொல், நடுவே ஒரு வாய்க்கால். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். எழுத்துகளுக்கு நடுவே இடம் விடுவது ஆங்கிலத் தலைப்புக்கு எடுப்பாக இருக்கலாம், தமிழில் சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். சாய்வெழுத்தும் வேண்டாமே, பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது கிடையாது, இருப்பதை பிரவுசர் பிடித்துத் தள்ளிச் சாய்த்துக் காட்டும், அவ்வளவுதான்.

வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து இன்னொரு மோகம். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று, பார்வை குறைந்தவர்களும் படிக்க வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை விதியே இருக்கிறது, இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் கருவிகளும் இருக்கின்றன. அது வேண்டாம் என்றால் மத்தியான வெயிலில் தெருவில் நின்று உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள்.

மொழிபெயர்ப்புக் கருவியை நம்பி விட்ட தளங்களில் நான் பார்த்தவை: முகப்புக்கு ‘வீடு’, முன்பதிவுக்கு ‘இப்போது புத்தகம்’, கூரியர் செலவு இல்லை என்பதற்கு ‘இலவச கப்பல்’. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் பார்க்கிறவர் இதை எழுதியவர் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்கிறார். பணம் கட்டச் சொல்லும் இடத்தில் அந்தச் சந்தேகம் வரக்கூடாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கடையில் ஒருவரும் சொல்லாத தமிழில் எழுதுவது. கொங்கில் கடலை எண்ணெய் என்பார்கள், இன்னொரு ஊரில் வேர்க்கடலை எண்ணெய், சிலருக்கு நிலக்கடலை, வடமாவட்டங்களில் மல்லாட்டை. வாடிக்கையாளர் எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்கிறாரோ அந்தச் சொல் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு மூன்று பெயர் இருந்தால் இயல்பாக வரும் இடத்தில் எல்லாமே வரலாம். அதற்காக ஒரே சொல்லை நாற்பது தடவை திணிக்காதீர்கள். பக்கத்துக்குள் மறைத்து எழுதும் குறிச்சொல் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது, இன்னும் அதற்குத் தனியாகக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேகத்தை எல்லோரும் சொல்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் எடுத்த போட்டோ ஒவ்வொன்றும் 4 எம்பி, அப்படிப் பன்னிரண்டு ஏற்றினால் கிட்டத்தட்ட 50 எம்பி, ஒரு பாட்டில் எண்ணெய் பார்க்க யார் அவ்வளவு டேட்டா செலவழிப்பார்? சுருக்கி ஏற்றினால் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் அடங்கும். முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படத்துக்கு நீள அகலம் குறிக்காமல் விட்டால் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போதே எழுத்தெல்லாம் குதிக்கும், ‘அழைக்க’ என்று தொடப் போன விரல் வேறெதிலோ விழும். திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொடாமல் ஒலிக்கும் சத்தத்தை குரோம் 2018 முதல் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, நல்லவேளை.

போனில் வரும் கேள்வி

வந்தவரை நிறுத்துவது சரி, திரும்ப வரவைப்பது எப்படி? நிறையப் பேர் ‘பிளாக்’ என்று ஒரு பகுதி திறந்து, ‘இன்றைய அவசர உலகில் ஆரோக்கியம் என்பது...’ என்று ஆரம்பிக்கும் கட்டுரையை ஏஐயிடம் வாங்கிப் போடுகிறார்கள். அந்த முதல் வரியைப் பார்த்ததும் நான் மூடிவிடுகிறேன், நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள்.

நண்பரின் மனைவியிடம், ஒரு வாரம் போனில் என்ன கேட்கிறார்கள் என்று அப்படியே எழுதி வைக்கச் சொன்னேன். ஒரு நோட்டில் எழுதினார். ‘அக்கா, போன மார்கழியில வாங்கின தேங்காய் எண்ணெய் அப்படியே உறைஞ்சு போச்சு, எதாவது கலந்திருக்கா?’ ‘கடலை எண்ணெய் பொரிக்கும்போது ஏன் இப்படி நுரைக்குது?’ ‘அடியில கசடு இருக்கே, பழசா?’ ‘ஒரு லிட்டர்னு வாங்கினேன், எடை போட்டா ஒரு கிலோ வரலையே?’ ஒவ்வொன்றும் ஒரு பக்கம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத்தான் செய்யும், அது கலப்படத்துக்கு அடையாளம் இல்லை. சுத்திகரிக்காத எண்ணெயில் ஈரமும் பசைப்பொருளும் கொஞ்சம் தங்குவதால் நுரைக்கும், அதனால் வாணலியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். இதை அந்த அக்கா போனில் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதினோம், நான் சந்திப்பிழை மட்டும் பார்த்தேன். அடுத்த தடவை யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார், கேட்டவர் அதைத் தன் குடும்ப குரூப்பில் போடுகிறார்.

அந்த லிங்க்கில் ஒரு சின்ன விஷயம். பக்க முகவரியைத் தமிழில் வைத்தால் பிரவுசரில் அழகாகத் தெரியும், காப்பி செய்து ஒட்டும்போது பல இடங்களில் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக விரியும். ‘தமிழ்’ என்ற ஒரே சொல் 45 குறிகளாகும். அதைப் பார்த்து வைரஸ் லிங்க் என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். முகவரியைக் குட்டியாக ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, அனுப்பும்போது தெரிகிற தலைப்பையும் படத்தையும் தமிழில் சரியாக அமையுங்கள்.

நண்பர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். மாட்டுப் படத்தைச் சுருக்கினோம், விலை மேலே வந்தது, போஸ்டர் போனது. ‘தங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ மட்டும் அவருக்கு எடுக்க மனசு வரவில்லை, அப்பா காலத்துக் கடை போர்டில் இருந்த வரி அது. கடைசியில் பக்கத்தின் அடியில், கடைக்கு வரும் வழிக்கும் திறக்கும் நேரத்துக்கும் மேலே அதை வைத்தோம். அங்கேவரை தள்ளிக்கொண்டு வருகிறவர் நேரில் வரப்போகிறவர்தான், அவரை வரவேற்கலாம்.