ஸ்டீல் டார்கெட் சொல்லிச் செய்வது எப்படி: தகடு, வெட்டு, தொங்கல்

துப்பாக்கியால் காகித இலக்கில் சுட்டு அலுத்துப்போனவர்கள் ஒருநாள் இரும்பிடம் வந்து நிற்பார்கள். சுட்டதிலிருந்து, 300 கஜத்துக்கு அப்பால் தொங்கும் தட்டில் தோட்டா பட்டு, அந்த ‘டிங்’ காதுக்குத் திரும்பிவர ஒரு விநாடிக்குக் கொஞ்சம் கூடவே ஆகும், அந்த இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதற்காகவே நான் ரேஞ்சுக்குப் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம். நான் இருப்பது டெக்சாஸில். இங்கே குடியேறிய நம்மவர்களுக்கு முதலிலேயே ஒன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் தடை போடுகிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. அதைச் சரிபார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் செய்த முதல் தப்பு, கராஜில் கிடந்த எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) பிளேட்டை எடுத்துத் தொங்கவிட்டது. இரும்பு இரும்புதானே என்ற நினைப்பு. ரைஃபிள் தோட்டா பட்ட இடமெல்லாம் சின்னக் கிண்ணம் மாதிரிக் குழி விழுந்தது. அடுத்த வாரம் அதே தட்டைக் கைத்துப்பாக்கியால் சுட்டபோது, தோட்டாவின் செம்புத் தோல் ஒரு துணுக்கு திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே ஜீன்ஸைக் கிழித்துக்கொண்டு போனது. காரணம் எளிது. தட்டையான, கடினமான முகத்தில் மோதும் தோட்டா, சுவரில் வீசிய தக்காளி மாதிரி நசுங்கி, தட்டை ஒட்டியே பக்கவாட்டில் சிதறும். குழிக்குள் விழுந்த தோட்டா அப்படிப் போகாது, கிண்ணத்தின் வளைவோடு சுற்றிச் சுட்டவனைப் பார்த்தே திரும்பும். தட்டு நீடிக்க வேண்டும் என்பதும் நமக்கு அடிபடக் கூடாது என்பதும் ஒரே விஷயம்தான்: முகம் சமமாகவே இருக்க வேண்டும்.

அதற்கு ஏஆர்500 என்ற தேய்மானம் தாங்கும் கடின எஃகைக் கேளுங்கள். பெயரில் இருக்கும் 500, பிரினெல் கடினத்தன்மையைக் குறிக்கும் எண். எம்.எஸ். தகடு அந்த அளவையில் 120, 130 பக்கம்தான் நிற்கும். .22 என்ற சின்னத் தோட்டாவுக்கும் கைத்துப்பாக்கிக்கும் மட்டும் என்றால் ஏஆர்400 கூடத் தாங்கும், ஆனால் என்றாவது ஒருநாள் ரைஃபிளை எடுக்கத்தான் போகிறீர்கள், அதனால் விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். கனம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ., பெரும்பாலான வேலைக்குப் போதும். ஆலைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பட்டறைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். கையில் ஒரு அரம் இருந்தால் ஓரத்தில் இழுத்துப் பாருங்கள்: எம்.எஸ்.ஸில் வெண்ணெயில் போல இறங்கும், ஏஆர்500இல் வழுக்கிக்கொண்டு கஷ்டப்பட்டுத்தான் கடிக்கும்.

அடுத்தது வெட்டு. நல்ல தகடு பாழாவது பெரும்பாலும் இங்கேதான். ஊர்ப்பக்கம் கொல்லன் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே அரிவாளைத் திரும்ப நெருப்பில் போட்டால் தோய்ச்சல் இறங்கிவிடும். இதற்கும் அதே கதை. சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் கடினம் குறைய ஆரம்பிக்கும். என் இரண்டாவது தட்டை ஒரு பட்டறையில் கேஸ் கட்டிங் போட்டுக் கொடுத்தார்கள், நடுப்பகுதி புதுசு மாதிரியே இருக்க, ஓரம் முழுக்க எலி கடித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அதிக அழுத்த நீரால் வெட்டும் வாட்டர்ஜெட்தான் முதல் தேர்வு, அதில் சூடே ஏறாது. லேசரும் நல்ல பிளாஸ்மாவும் பரவாயில்லை, சூடு விளிம்பில் சன்னமான கீற்றோடு நின்றுவிடும். வெல்டிங்? முகத்தில் வேண்டவே வேண்டாம். ஓட்டை எல்லாவற்றையும் வெட்டும்போதே போட்டு வாங்கிவிடுங்கள், பிறகு சாதாரண டிரில் பிட்டை வைத்துப் போராடினால் பிட்தான் போகும்.

வடிவம் உங்கள் இஷ்டம். டிஎக்ஸ்எஃப் என்ற கணினி வரைபடக் கோப்பாகக் கொடுத்தால் பட்டறைக்கு வேலை சுலபம். மெக்சிகோவில் பிறந்த ‘சிலுயெட்’ போட்டியில் கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா என்று நான்கு உருவங்களை முறையே 200, 300, 385, 500 மீட்டரில் வைத்துச் சுடுவார்கள், அந்த மாதிரி செய்துகொள்ளலாம். ஆனால் உள்வாங்கிய மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும், கொஞ்சம் வளைத்துவிடுங்கள். எடையும் ஒரு கணக்கு. 3/8 அங்குலத் தகடு ஒரு சதுர அடிக்கு 15 பவுண்டுக்கு மேல். 12 அங்குல வட்டம் 12 பவுண்டு, தூக்கிவிடலாம். ஆள் உடம்பு அளவு உருவம் ஏறக்குறைய 50 பவுண்டு, வெயிலில் 300 கஜம் சுமந்து பார்த்தால் தெரியும்.

தொங்கவிடும்போது சங்கிலி நல்ல யோசனை மாதிரித் தெரியும், முதல் தோட்டா கண்ணியில் படும்வரை. நான் பழைய தீயணைப்புக் குழாயைப் பட்டையாக வெட்டி, தட்டின் பின்பக்கம் வைத்து, உருண்டைத் தலை கேரியேஜ் போல்ட் போட்டு முடுக்குகிறேன். உருண்டைத் தலையில் பட்ட தோட்டா சறுக்கிவிடும். மேல்விளிம்பு நம் பக்கம் சாய்ந்து, முகம் தரையைப் பார்க்கிற மாதிரி சுமார் 20 டிகிரி கொடுங்கள், சிதறலில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும். தாங்குவதற்கு இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டம் போதும், அடிபட்டால் மாற்றிக்கொள்ளலாம். தட்டுக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம்.

தூரம்: கைத்துப்பாக்கிக்கு 10 கஜம், ரைஃபிளுக்கு 100 கஜம், இதற்குக் கிட்டே போகக் கூடாது. தட்டில் மோதும்போது வேகம் விநாடிக்கு 3000 அடியைத் தாண்டினால் ஏஆர்500இலும் குழி விழும், அதனால்தான் 5.56 என்ற வேகமான ரைஃபிள் தோட்டாவைக் கிட்டத்தில் வைத்துச் சுடக் கூடாது என்கிறார்கள். அதே ரகத்தில் பச்சை முனை எம்855 தோட்டா உள்ளே எஃகு வைத்தது, கவசம் துளைக்கும் ரகம் அதைவிட மோசம், இரண்டும் தட்டுக்கு எமன். இன்னொன்று, நெருப்பு. அமெரிக்க வனத்துறை 2013இல் வெளியிட்ட ஆய்வில், எஃகுத் தகட்டில் மோதிச் சிதறிய ரைஃபிள் தோட்டாத் துண்டுகள் காய்ந்த மட்கைப் பற்றவைத்தன. எஃகு கலந்த தோட்டாவும் முழுச் செம்புத் தோட்டாவும்தான் அதிகம் பற்றவைத்தவை. கோடையில் தட்டைச் சுற்றிப் புல்லைச் செதுக்கிவிடுங்கள், ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கண்ணுக்கு, எல்லோருக்கும், வேடிக்கை பார்க்க வந்தவருக்கும்தான்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மலிவான வெள்ளை ஸ்பிரே பெயிண்ட் ஒரு டப்பா, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பூச்சு, பட்ட இடம் சாம்பல் பூவாகத் தெரியும். தட்டு லேசாக வளைந்தால் திருப்பிப் போடுங்கள். விரல் நகம் மாட்டும் அளவுக்குக் குழியோ, மயிரிழை விரிசலோ கண்டால் அந்தத் தட்டை ஓரம் கட்டிவிட வேண்டியதுதான். வீடு திரும்பியதும் சாப்பாட்டில் கைவைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எல்லாம் ஈயத் தூள்.

அந்தப் பழைய எம்.எஸ். தட்டு இன்னும் கராஜில்தான் கிடக்கிறது. அதில் தோசை சுடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பேச்சே வேண்டாம் என்று பழைய இரும்புக்கடைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.