கடைசித் துளியைப் பிடிப்பது எப்படி? அமில-காரத் தரம்பார்த்தல் செய்முறை

சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை எவ்வளவு கவனமாக எடைபோட்டாலும் அதன் கரைசலின் செறிவை நம்ப முடியாது. தராசுத் தட்டில் இருக்கும்போதே அது காற்றின் ஈரத்தை இழுத்து வியர்த்துவிடும். கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, செறிவு உறுதியாகத் தெரிந்த ஓர் அமிலத்தோடு சேர்த்துத்தான் அதன் உண்மையான செறிவைக் கண்டுபிடிக்கிறோம். இதற்குப் பெயர் தரம்பார்த்தல். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியும் காரத்தின் ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராகின்றன. தத்துவம் அவ்வளவுதான், சிரமமெல்லாம் கைவேலையில் இருக்கிறது.

முதலில் அமிலக் கரைசல். படிக ஆக்சாலிக் அமிலம் காற்றில் எளிதில் மாறாது, நம்பி எடைபோடலாம். 1.576 கிராம் எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 250 மி.லி. அளவுக் குடுவையில் கோடு வரை நிரப்பினால் 0.05 மோலார் கரைசல் (லிட்டருக்கு 0.05 மோல்; மோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) கிடைக்கும். இந்த அமிலம் நச்சு, காரமோ கண்ணைக் கெடுக்கும். கண்ணாடி அணியுங்கள். குறித்த அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள், ரப்பர் குமிழைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது கழுவுதல். பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. பியூரெட்டை (அளவுக்கோடுகளும் அடியில் திருகும் உள்ள நீண்ட குழாய்) காரக் கரைசலாலும் பிப்பெட்டை அமிலக் கரைசலாலும் ஒருமுறை அலச வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஒட்டியிருக்கும் நீர் கரைசலை நீர்க்கச் செய்துவிடும். கூம்புக் குடுவையை மட்டும் வெறும் நீரால் கழுவினால் போதும். மாணவனாக இருந்தபோது, கூடுதல் சுத்தம் என்று நினைத்து அதையும் அமிலத்தால் அலசினேன். அளவு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது. குடுவையில் நீர் இருந்தால் அமிலத்தின் அளவு மாறாது. அமிலம் ஒட்டியிருந்தால் மாறும். இது உறைக்க எனக்கு ஒரு மதியம் பிடித்தது.

பியூரெட்டில் காரத்தை நிரப்பி, திருகைச் சட்டென்று திறந்து நுனியிலுள்ள காற்றுக்குமிழை வெளியேற்றுங்கள். புனலை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து ஒரு சொட்டு பிறகு விழுந்தாலும் அளவு கெடும். மட்டத்தின் அடி வளைவுக்கு நேராகக் கண்ணை வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிப்பெட்டால் 20 மி.லி. அமிலத்தைக் குடுவையில் விடுங்கள். நுனியில் தங்கும் சொட்டை ஊதித் தள்ள வேண்டாம், அது உள்ளேயே தங்கும் என்று கணக்கிட்டே பிப்பெட் அளவிடப்பட்டிருக்கிறது. அமிலத்தில் நிறமில்லாமலும் காரத்தில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும் நிறங்காட்டியான பினாப்தலீனை இரண்டு சொட்டு சேர்த்து, குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள் வையுங்கள்.

இனி இடக்கையால் திருகைத் திறந்து, வலக்கையால் குடுவையைச் சுழற்றுங்கள். முதலில் தாராளமாக விடலாம். காரம் விழும் இடத்தில் இளஞ்சிவப்புத் தோன்றி உடனே மறையும். அது மறையத் தயங்கும்போது வேகத்தைக் குறைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி.; முடிவுக்கு ஒரு சொட்டு முன்னால் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு, 7 நடுநிலை) சுமார் 6.6, ஒரு சொட்டு பின்னால் சுமார் 10. அதனால் கடைசியில் அரைச் சொட்டுதான். நுனியில் தொங்கவிட்டு, குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுத்து, நீரால் கழுவி உள்ளே தள்ளுங்கள். மிக வெளிறிய இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் முடிந்தது. பிறகு நிறம் மங்கினால் பதற வேண்டாம், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் வேலை. அடர்ந்த சிவப்பு வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டி இங்கே ஆகாது. அது பிஎச் 3.1க்கும் 4.4க்கும் இடையிலேயே நிறம் மாறிவிடும். நமது முடிவோ 8ஐத் தாண்டி இருக்கிறது.

இரண்டு அளவுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும்வரை திரும்பச் செய்யுங்கள். 19.6 மி.லி. வந்தது என்று வைத்துக்கொள்வோம். 20 மி.லி. அமிலத்தில் இருப்பது 1 மில்லிமோல் (மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு ஆக்சாலிக் அமில மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதால் வேண்டிய காரம் 2 மில்லிமோல். 2ஐ 19.6ஆல் வகுத்தால் 0.102 மோலார். அந்த இரண்டை மறந்தால் விடை பாதியாகிவிடும்.

முடிந்ததும் பியூரெட்டை உடனே நீரால் அலசுங்கள். காரத்தோடு விட்டுவைத்தால் கண்ணாடித் திருகு இறுகி, அடுத்தமுறை திரும்பவே திரும்பாது.