வீல் ஆர்ச் லைனர் தேஞ்சு போச்சா? மாத்துறதுக்கு முன்னாடி இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மழை ஆரம்பிச்சா போதும், பெங்களூர்ல பிக்கப், மினி லாரி ஓட்டற பசங்க ஒரே கேள்வியோட வருவாங்க. முன் டயருக்கு மேல வளைவா ஒரு கறுப்பு பிளாஸ்டிக் இருக்குல்ல, அதான் வீல் ஆர்ச் லைனர், அது தேஞ்சு ஓட்டையாயிடுச்சு, மாத்தணுமா அப்படியே ஓட்டலாமான்னு. கேட்டாக் கூட பரவால்ல, நெறைய பேர் கேக்காமலே எதையோ பண்ணிட்டு அப்புறம் வர்றாங்க. வருஷா வருஷம் புதுசு புதுசா ஆளுங்க, தப்பு மட்டும் அதே தப்பு. அதனாலதான் எழுதறேன். ஜாக்கியை ஒழுங்கா வைங்க, ஹேண்ட்பிரேக் போடுங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சதை விட்டுடறேன்.

தேய்மானத்தை மட்டும் பாத்து முடிவு பண்றது

லைனர் எவ்வளவு அசிங்கமா இருக்குங்கறது விஷயமே இல்ல, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குங்கறதுதான் விஷயம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஃபுல்லா ஒடிச்சு வெச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. மேல கீறல், வெளுத்துப் போனது, கல்லு பட்டு சொரசொரப்பானது, இதுக்கெல்லாம் காசு செலவு பண்ண வேண்டாம். ஓட்டை இருந்தா அது வழியா உள்ள பாருங்க. ஃபேன் பெல்ட், டைனமோ, வயரிங் தெரிஞ்சா மாத்தியே ஆகணும், சேறு போனா டைனமோ பேரிங்கும் பிரஷ்ஷும் சீக்கிரம் போயிடும், பெல்ட் நனைஞ்சா வழுக்கிக் கத்தும். சில வண்டியில ஏர் ஃபில்டருக்குக் காத்து போற வாயே ஃபெண்டருக்குள்ளதான் (டயருக்கு மேல இருக்கற வெளித் தகரம்) இருக்கும், அங்க ஓட்டை விழுந்த வண்டியை பெல்லந்தூர் பக்கம் தேங்கின தண்ணியில இறக்கறது இன்ஜினையே பணயம் வைக்கற வேலை. வெறும் தகரம்தான் தெரியுதுன்னா அவசரமில்ல, ஜூன் மழைக்கு முன்னாடி மாத்தினா போதும்.

ஓரம் கழண்டு தொங்குதுன்னா மட்டும் தள்ளிப்போடாதீங்க. ரிவர்ஸ் எடுக்கறப்ப டயர் அதைக் கவ்வி இழுக்கும், கூடவே பக்கத்துல போற வயரையும் வாஷர் பைப்பையும் பிச்சுட்டு வரும்.

"பிளாஸ்டிக் தானே"ன்னு கழட்டி எறியறது

எறியாதீங்க. கிழிஞ்ச லைனர் கூட இல்லாததுக்கு மேல.

கிளிப் கிடைக்கலன்னு ஸ்க்ரூ அடிக்கறது

இதைப் பாத்தாதான் எனக்கு இன்னும் கோவம் வருது. லைனர் பாதி நேரம் தேஞ்சே இருக்காது, அதைத் தகரத்தோட பிடிச்சு வெச்சிருக்கற கிளிப் ஒடைஞ்சு தொங்கிட்டிருக்கும், அவ்வளவுதான். ஜேசி ரோடுல ஸ்பேர்ஸ் கடையில சில்லறைக் காசுக்குக் கிடைக்கற சாமான் அது. அதுக்கு சோம்பேறித்தனப்பட்டு டிரில்லை எடுத்து தகரத்துல ஓட்டை போட்டு ஒன்றரை இன்ச் செல்ஃப் ஸ்க்ரூவை இறக்கிடறாங்க. கேட்டா "ஏனூ ஆகல்ல"ன்னு கன்னடத்துல பதில், ஒண்ணும் ஆகாதாம்.

என்ன ஆகும்னு சொல்றேன். ஓசூர்லேர்ந்து கலாசிபாளையத்துக்கு விடிகாலையில காய்கறி லோடு அடிக்கற ஒரு தம்பி, மழை நாள்ல மட்டும் ஒரு பக்க ஹெட்லைட் போயிடுது, வெயில் வந்தா தானா சரியாயிடுது அண்ணான்னு வந்தான். அதுக்கு முன்னாடி ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட பல்ப் மாத்தி, ரிலே மாத்தி, கடைசியில ஃபியூஸ் அடிக்கடி போகுதேன்னு 10 ஆம்பியர் இருந்த எடத்துல 20 ஆம்பியர் போட்டு விட்டிருக்காங்க! ஃபியூஸ் இருக்கறது பல்பைக் காப்பாத்த இல்ல, வயரைக் காப்பாத்த. பெருசா போட்டா ஃபியூஸ் போகாது, வயர் உருகும், வண்டியே தீப்பிடிக்கலாம்.

லைனரைக் கழட்டினா விஷயம் தெரிஞ்சு போச்சு. யாரோ அடிச்ச ஸ்க்ரூவோட முனை பின்னாடி ஹெட்லைட்டுக்குப் போற வயரிங்ல நேரா குத்தி நிக்குது. காஞ்சிருந்தா தப்பிச்சுடும், தண்ணி பட்டா பாடியோட ஷார்ட். அதோட முடியல, குத்தின எடத்துல நொழஞ்ச தண்ணி இன்சுலேஷனுக்குள்ளயே ஏறி, வெட்டிப் பாத்தா ரொம்ப தூரம் வரைக்கும் செம்பு பச்சை பூத்துக் கெடக்கு. ஒட்டுப் போட்டா நிக்காது, அந்தப் பக்க வயரிங்கையே புதுசா இழுக்க வேண்டியதாப் போச்சு. ஸ்க்ரூ போட்ட ஒவ்வொரு ஓட்டையைச் சுத்தியும் துரு வேற, வெளிய பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பிடுச்சு, டிங்கர் வேலை, பெயின்ட் வேலை தனி. நாலு கிளிப் வாங்காததுக்கு அந்தப் பையன் பல நாள் வருமானத்தைக் குடுத்தான்.

அதனால ஒடைஞ்ச கிளிப் ஒண்ணைக் கையில எடுத்துட்டுப் போங்க. ஓட்டை சைஸ் 6 மில்லி, 7 மில்லி, 8 மில்லின்னு மாறும், தண்டோட நீளமும் மாறும், கண்ணளவுல வாங்கினா ஒண்ணு உக்காராது, இல்லன்னா நிக்காது. ரெண்டு மூணு கூடவே வாங்கி வெச்சுக்கோங்க, கழட்டறப்ப பழசு ஒடையறது சகஜம். நடுவுல இருக்கற பின்னை முதல்ல தூக்கிட்டு அப்புறம் கிளிப்பை எடுத்தா ஒடையறது கொறையும். ஏற்கனவே யாராவது ஸ்க்ரூ அடிச்சிருந்தா எடுத்துட்டு, துருவைத் தேச்சு, பிரைமர், பெயின்ட் அடிச்சு, ஓட்டையை ரப்பர் போட்டு அடைச்சுடுங்க.

சேத்து மேலயே புது லைனர் மாட்டறது

வெளிநாட்டு வீடியோல பனிக்கு ரோடுல போடற உப்பாலதான் துருன்னு சொல்வாங்க, நமக்கு உப்பு இல்ல, ஆனா செம்மண் இருக்கு. ஃபெண்டரோட மேல் மடிப்புலயும் கதவுக்கு முன்னாடி கீழ் மூலையிலயும் அப்பிக்கிட்டு வாரக்கணக்குல ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். பழசைக் கழட்டினதும் கையால தோண்டி எடுங்க, தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருந்தா குத்தி விடுங்க, நல்லா காய விட்டு அப்புறம் மாட்டுங்க. வாட்டர் சர்வீஸ்ல வயர் கனெக்டர் மேல நேரா பிரஷர் அடிக்க விடாதீங்க.

பெரிய டயர் போட்டுட்டு லைனரைத் திட்டறது

உரசறது டயர். சைஸைச் சரி பண்ணாம எத்தனை லைனர் மாத்தினாலும் அதே எடத்துலதான் ஓட்டை விழும்.

பழசு வாங்கறப்ப

சிவாஜிநகர்ல பழைய ஸ்பேர்ஸ் பாக்கறவங்க லெஃப்ட், ரைட் பாத்து வாங்குங்க, ஒண்ணு இன்னொண்ணுல உக்காராது. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கறப்ப சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கறது) இருக்கற வண்டின்னா சென்சார் வயர் போற எடம் உங்க பழைய லைனர்ல எப்படி இருக்கோ அதே மாதிரி இருக்கான்னு பக்கத்துல வெச்சுப் பாருங்க, அதுக்காகவே பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க.