‘இன்னும் கண்டுபிடிக்கவில்லை’ என்று பாடினால் அவிசுவாசியா? ராக் பாட்டு வரிகளை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு பாட்டை எடுத்துப் பேசுவோம். கீர்த்தனையோ பாமாலையோ இல்லை; பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிஜமாகவே கேட்கிற பாட்டு. ஒருமுறை அயர்லாந்துக் குழுவான யு2-வின் ‘ஐ ஸ்டில் ஹாவண்ட் ஃபவுண்ட் வாட் ஐம் லுக்கிங் ஃபார்’ வந்தது. 1987-இல் ‘தி ஜோஷ்வா ட்ரீ’ ஆல்பத்தில் வெளியாகி, அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன பாட்டு. தலைப்பைத் தமிழில், ‘நான் தேடுவதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை’ என்று போர்டில் எழுதினேன். சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் பின்வரிசைத் தம்பி ஒருவன் சொல்லிவிட்டான்: “இயேசுவைக் கண்டுபிடிச்சவன் இப்படிப் பாடுவானாண்ணா? இது பின்மாற்றக்காரன் பாட்டு.” விசுவாசத்தை விட்டு விலகினவன் பாட்டு என்கிறான்.

பாட்டை இன்னும் போடவே இல்லை.

தலைப்பையும் பல்லவியையும் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான் நாம் அதிகம் செய்கிற தவறு. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் மனதில் ஒட்டிக்கொள்கிறது. சரணம் ஒரே ஒருமுறை வந்து போய்விடும். இந்தப் பாட்டிலோ விஷயமெல்லாம் கடைசிச் சரணத்தில் இருக்கிறது. வரப்போகும் ராஜ்யத்தை நம்புகிறேன் என்கிறார் பாடகர். கட்டுகளை அறுத்தவர், சங்கிலிகளைக் கழற்றியவர், என் வெட்கத்தின் சிலுவையைச் சுமந்தவர் என்று ஒருவரைப் பார்த்துச் சொல்கிறார். இதை நான் நம்புவது உமக்கே தெரியும் என்கிறார். இந்தப் பாட்டை வருடக்கணக்காக முணுமுணுத்தவர்கள் பலருக்கு இதில் சிலுவை வருவதே தெரியாது.

பின்வரிசைத் தம்பியின் அளவுகோலைச் சங்கீதப் புத்தகத்துக்கு வைத்துப் பாருங்கள். 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” அதோடு நிறுத்தினால் அதுவும் பின்மாற்றக்காரன் பாட்டுதான். ஆண்டவர் சிலுவையில் சொன்னது அந்த வரியை. 88-ஆம் சங்கீதம் இன்னும் மோசம்; கடைசி வரை விடியவே இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதை யாரும் பைபிளிலிருந்து வெட்டி எறியவில்லை.

அடுத்த தவறு தமிழ் பேசுகிற நமக்கென்றே வருவது. இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். ஆங்கிலத்தில் காதலியைக் கூப்பிடவும் ‘யூ’தான், கடவுளைக் கூப்பிடவும் ‘யூ’தான். நமக்கு அப்படி இல்லை. ஜெபத்தில் ‘நீர்’, காதலில் ‘நீ’. ஆக, ஒரு ஆங்கிலப் பாட்டை மொழிபெயர்க்கிற நொடியிலேயே அதன் பொருளை நாம் தீர்மானித்து விடுகிறோம். முதல் சரணத்தில் மலைகள் ஏறினேன், வயல்வெளிகளில் ஓடினேன், நகரத்து மதில்களைத் தாண்டினேன், எல்லாம் உன்னோடு இருக்கத்தான் என்று வருகிறது. நான் யோசிக்காமல் ‘உன்னோடு’ என்று எழுதிவிட்டேன். அது போர்டில் ஏறியதும் பாட்டு சினிமா டூயட் ஆகிவிட்டது. கடைசிச் சரணத்துக்கு வந்தபோது கை தானாகவே ‘உம்மை’ என்று எழுதியது. முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: “அண்ணா, நடுவுல ஆள் மாறிட்டாரா?”

நல்ல கேள்வி. விடை இரண்டாம் சரணத்தில் இருக்கிறது. தேன் உதடுகளை முத்தமிட்டேன் என்கிறார். அந்தப் பெண்ணைச் சொல்லும்போது ‘அவள்’ என்று படர்க்கையில் சொல்கிறார், ‘யூ’ என்று சொல்லவில்லை. ஆகவே அந்த ‘யூ’ இந்தப் பெண் இல்லை. தேன் ஒழுகும் உதடு என்றதும் நீதிமொழிகள் 5-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரவேண்டும். அங்கே அது பரஸ்திரீயைப் பற்றிய எச்சரிக்கை. அதே சரணத்தில் தூதர் பாஷை பேசினேன் என்றும், பிசாசின் கையைப் பிடித்தேன் என்றும் வருகிறது. தூதர் பாஷை எங்கிருந்து வருகிறது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, 1 கொரிந்தியர் 13. அன்பு இல்லாமல் அந்தப் பாஷை பேசினால் சத்தமிடுகிற வெண்கலம். இவரும் அந்த இரவில் தான் கல்லைப் போலக் குளிர்ந்திருந்ததாகச் சொல்கிறார். பிசாசு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ‘பார்த்தீர்களா’ என்பவர்கள், இது பெருமையா புலம்பலா என்று கேட்பதே இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு கூட்டம் அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிட்டது. “அப்போ இது கிறிஸ்தவப் பாட்டுதான், ஆராதனையில பாடலாம்!” அதுவும் தவறுதான். சொல்லப்போனால் முதல் தவறைவிட இது இனிப்பானது, அதனால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வசன வாடை அடித்த உடனே முத்திரை குத்திவிடக் கூடாது.

இந்தப் பாட்டில் எனக்கே இரண்டு இடங்கள் இடிக்கின்றன. ஒன்று, ராஜ்யம் வரும்போது எல்லா நிறங்களும் ஒன்றாகக் கரையும் என்பது. எல்லா மதமும் ஒன்று என்கிறார் என்று சிலர் குதிப்பார்கள். வரியில் மதம் இல்லை, நிறம்தான் இருக்கிறது. என் சங்கடம் வேறு. வெளிப்படுத்தல் 7-இல் சிங்காசனத்துக்கு முன் நிற்கிற கூட்டத்தில் ஜாதிகளும் (தேசத்தாரும்) கோத்திரங்களும் பாஷைகளும் அப்படியே இருக்கின்றன, எதுவும் கரைந்து போகவில்லை. இன்னொன்று, பல்லவியேதான். பவுலும் பிலிப்பியர் 3:12-இல் “நான் அடைந்தாயிற்று” என்று எண்ணவில்லை என்றும், “ஆசையாய்த் தொடருகிறேன்” என்றும்தான் எழுதுகிறார். அந்த வகையில் பாடகருக்கு நல்ல துணை இருக்கிறது. ஆனால் பவுலுக்குத் தான் எதைத் தொடருகிறோம் என்று தெரியும், பேர் சொல்லிச் சொல்கிறார். பாட்டில் தேடப்படுவதற்குப் பேரே இல்லை. சிலுவையை நம்புகிறேன் என்று சொன்ன கையோடு ‘ஆனாலும்’ போடுகிறார். அந்த ‘ஆனாலும்’ ராஜ்யத்துக்குக் காத்திருப்பவனின் ஏக்கமா, சிலுவை போதவில்லை என்கிற குறையா? எனக்கு முதலாவதாகத்தான் படுகிறது. வரிகள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன, அதை மறைக்கக் கூடாது.

இயேசுவின் பேர் வந்தாலே போதும் என்கிற நினைப்புக்கு இதைவிடப் பளிச்சென்ற உதாரணம் ‘ஸ்பிரிட் இன் த ஸ்கை’. 1969-இல் நார்மன் க்ரீன்பாம் பாடியது. செத்த பிறகு மேலே போகும் நல்ல இடம், இயேசு என் நண்பர், எல்லாம் உண்டு. க்ரீன்பாம் யூதர், டிவியில் ஒரு கன்ட்ரி பாடகர் கோஸ்பல் (கிறிஸ்தவப் பக்திப் பாட்டு) பாடியதைப் பார்த்து, நாமும் ஒன்று எழுதலாமே என்று எழுதியது. அதில் நான் ஒருநாளும் பாவியாய் இருந்ததில்லை என்று வருகிறது. பாவமில்லை என்பவன் தன்னையே ஏமாற்றுகிறான் என்கிற 1 யோவான் 1:8 தெரிந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூட அங்கே கை தூக்கும். கிடார் மட்டும் அபாரம்.

பாட்டில் ‘நான்’ என்று வந்தால் அது பாடுகிறவர்தான் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு குழப்பம். தமிழ் படித்த நமக்கு இது வரவே கூடாது. குறுந்தொகையில் “யாரும் இல்லைத் தானே கள்வன்” என்று புலம்புவது கபிலர் இல்லையே. தலைவி கூற்று என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். 1968-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு பாடிய ‘சிம்பதி ஃபார் த டெவில்’ பிசாசின் கூற்று. சாத்தான் பேசுவது யோபுவிலும் உண்டு, மத்தேயு 4-இலும் உண்டு. அந்தக் குரலை வைத்துக்கொண்டு பாட்டு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. கேட்கிறவனுக்கு அவன் மேல் எச்சரிக்கை வருகிறதா, மயக்கம் வருகிறதா? அந்தத் தாளத்துக்குக் கால் ஆடும்போது எனக்கே பதில் சொல்ல வரவில்லை.

பாடகரின் வாழ்க்கையைக் கிண்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யு2-வின் நால்வரில் மூவர் 1980-களின் ஆரம்பத்தில் டப்ளினில் ‘ஷாலோம்’ என்ற கிறிஸ்தவ ஐக்கியத்தில் இருந்தார்கள். அது வரிகளைப் புரிந்துகொள்ள உதவும், வரிகளுக்குச் சான்றிதழ் ஆகாது. நடத்தையை வைத்துப் பாட்டைத் தள்ளுவதானால் தாவீது பத்சேபாளோடு பாவம் செய்த பிறகு பாடிய 51-ஆம் சங்கீதத்தை என்ன செய்வது? அப்புறம், ரிக்கார்டைப் பின்னோக்கிச் சுழற்றிப் பிசாசைத் தேடுகிற வேலை. 1982-இல் கலிஃபோர்னியா சட்டமன்றக் குழு முன்னாலேயே லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் ஒரு பாட்டைத் தலைகீழாக ஓடவிட்டார்கள். என்ன கேட்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தால்தான் அது கேட்கும். முன்னோக்கி ஓடும்போது வருகிற வரிகளைப் படிக்கவே நமக்கு நேரம் போதவில்லை.

ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. வரிகளைத் தாளில் மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள், குரலையும் கேளுங்கள். 1987 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு கறுப்பின கோஸ்பல் பாடகர் குழுவோடு சேர்ந்து இதே பாட்டைப் பாடினார்கள். அடுத்த வருடம் ‘ராட்டில் அண்ட் ஹம்’ ஆல்பத்தில் வந்தது. எங்கள் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டியபோது பின்வரிசைத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “இவங்க பாடும்போது சாட்சி சொல்ற மாதிரி இருக்குண்ணா, அவர் தனியாப் பாடும்போது அப்படி இல்ல” என்றான். அதே வரிகள்தான்.

முதல் சரணத்தை என்ன செய்வதென்று எங்களால் முடிவுக்கு வர முடியவில்லை. ‘உன்னோடு / உம்மோடு’ என்று இரண்டையும் எழுதி, நடுவில் கோடு போட்டு விட்டுவிட்டோம். மறுநாள் காலை ஞாயிறு பள்ளி டீச்சர் போர்டைப் பார்த்துவிட்டு, நேற்று இங்கே இலக்கண வகுப்பு ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.