வேப்பஞ்சருகும் காய்த்தோலும்: பள்ளிக்கூட மூலையில் ஒரு டிரம் உரம்

பள்ளிக்கூடத்தில் உரம் போடக் குப்பை தேடி அலைய வேண்டாம். காலையில் கூட்டித் தள்ளும் சருகும், சத்துணவுக் கூடத்தில் விழும் காய்த்தோலும் முட்டையோடும் போதும். சருகைக் கொளுத்தும் பழக்கத்தை மட்டும் முதலில் நிறுத்துங்கள்.

1. மூடியுள்ள 200 லிட்டர் பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்குங்கள். ரசாயனம் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் நான்கு அங்குல இடைவெளியில் விரல் நுழையும் ஓட்டைகள், அடியில் பத்துப் பன்னிரண்டு. துளையிடுவது பெரியவர்கள் வேலை. நிழலில், செங்கல் மேல் நிறுத்துங்கள்.

2. அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தேங்காய் மட்டை, சுள்ளி. தண்ணீர் வடியவும் காற்று ஏறவும் இதுதான் வழி.

3. மூன்று வாளி சருகுக்கு ஒரு வாளி காய்க்கழிவு என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். கழிவைப் பொடியாக நறுக்கி, முட்டையோட்டை நொறுக்கிப் போடுங்கள். மாவிலை மெழுகுப்பூச்சால் லேசில் மக்காது. மிதித்து நொறுக்க வேண்டும். (பிள்ளைகளிடம் விட்டால் ஐந்து நிமிட வேலை.) ஒரு கிலோ பச்சைச் சாணத்தைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை லிட்டர் புளித்த மோர் சேர்த்து, அடுக்குக்கு ஒரு குவளை தெளியுங்கள். மேலே எப்போதும் சருகு மூடியிருக்கட்டும்.

4. வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் வர வேண்டும்.

மிஞ்சிய சாம்பார் சோறு உள்ளே போகக்கூடாது. பெரும்பாலும் கெடுவது இதில்தான்: ஈரம் கூடும், எலி வரும்.

வாடை வந்தால் மூக்கையே நம்புங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிஞ்சிக் காற்று போகவில்லை. கிளறிச் சருகு சேருங்கள். மூத்திர வாடை என்றால் காய்க்கழிவு அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போகிறது. அதற்கும் சருகுதான் மருந்து. எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். நெளியும் தடித்த புழுக்கள் படை ஈ என்ற ஒருவகை ஈயின் புழுக்களாக இருக்கும்; கெடுதல் இல்லை, விட்டுவிடுங்கள்.

நிரம்பிய டிரம் மூன்று மாதத்தில் தயாராகும். ஆகவே மார்ச் தொடக்கத்தில் கழிவு போடுவதை நிறுத்தி, நனைத்து, மூடிவைத்தால் ஜூனில் பள்ளி திறக்கும்போது உரம் கையில். கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு இருக்கும். சந்தேகமிருந்தால் கொஞ்சம் உரத்தில் பத்து வெந்தயம் ஊன்றுங்கள். நான்கு நாளில் குறைந்தது எட்டு முளைக்காவிட்டால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். முற்றாத உரம் வேரைச் சுடும்.

இந்த உரத்தில் கீரை வளர்க்கலாம். உரத்தை மணல் சலிக்கும் சல்லடையில் சலித்து, செம்மண் இரண்டு பங்கு, உரம் ஒரு பங்கு, நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து, அடியில் ஓட்டை போட்ட பழைய சிமெண்ட் சாக்கை உதறிக் கழுவிப் பாதி நிரப்புங்கள். அரைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது. தண்ணீரைக் குவளையால் ஊற்றாமல் கையால் தெளியுங்கள். இல்லையென்றால் விதையெல்லாம் ஒரு ஓரம் ஒதுங்கிவிடும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதல் கிள்ளு கிடைக்கும். வேரோடு பிடுங்காமல் கிள்ளினால் மறுபடி தழைக்கும்.