குரூப்பில் சேர்த்தும் அனுமதி வரவில்லை

பைத்தானில் வெப் செயலி எழுத உதவும் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில் ஒரு பில்லிங் செயலி. 'கணக்கர்' என்று குரூப் போட்டு, பில்லைத் திருத்தும் அனுமதியை அதற்குக் கொடுத்தேன். சூப்பர்யூசராக நுழைந்து பார்த்தால் எல்லாம் ஓடியது. ஓடத்தான் செய்யும், அவருக்கு எதைக் கேட்டாலும் ஜாங்கோ 'உண்டு' என்றுதான் சொல்லும்.

சரி என்று சாதாரண யூசரை வைத்து டெஸ்ட் எழுதினேன். முதலில் அனுமதி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் குரூப்பில் சேர்த்து, மறுபடி கேட்டேன். அப்போதும் இல்லை! டேட்டாபேஸில் பதிவு இருக்கிறது, பதில் மட்டும் பழசு. அரை நாள் போனது.

முதல் தடவை கேட்டதுமே அந்த யூசர் ஆப்ஜெக்ட் அனுமதிகளை கேஷ் செய்துவிடுகிறது, அதாவது தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்கிறது. ஆப்ஜெக்ட்டின் மதிப்புகளை டேட்டாபேஸிலிருந்து மறுபடி ஏற்றும் 'ரெஃப்ரெஷ் ஃப்ரம் டிபி' கூட அதைத் தொடுவதில்லை. யூசரை டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுத்தேன், டெஸ்ட் பாஸ். நிஜத் தளத்தில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் யூசர் புதிதாகவே வருவதால் அங்கே இந்தத் தொல்லை தெரிந்திருக்காது.